ஏழாவது கட்டம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாராவாரம் வகுப்பு எடுக்கும் நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் 'ஏழாம் நம்பர்' என்று பட்டப்பெயர். வேளை தவறாதீர்கள், விட்டுப்போனால் இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள், கேட்காமல் வலி மாத்திரை வாங்காதீர்கள் என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் தாளிலுள்ள ஏழு விஷயங்களில் முதல் ஆறை மளமளவென்று சொல்லிவிடுவாள். ஏழாவதை மட்டும் மூன்று முறை சொல்வாள்.

"தலையில அடிபட்டா, ரத்தம் வரலைன்னாலும், வலிக்கலைன்னாலும், உடனே இங்க வந்துடுங்க."

கேலி செய்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவள் அதைத் தொடங்கும்போதெல்லாம் மூன்றாவது நாற்காலியில் சாவிக்கொத்து குலுங்கும். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஆறாவது முடிந்ததுமே சாவியைக் குலுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "வண்டி எடுக்கணும் சிஸ்டர். எல்லாம் புரிஞ்சுது, டிக் போட்டுடுங்க." அவளுக்கும் பசி. ஏழு கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் அவர் அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி அந்தத் தாளோடு வந்தாள். "நீங்க படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கீங்க. அந்த மனுஷன்தான் கேக்கல" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். கோழைத்தனம்தான், வேறென்ன?

இன்று அதே அம்மாள் வகுப்புக்கு வந்திருந்தாள். இப்போது அவளுக்கும் அதே மாத்திரை. நேராகப் போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவர்களிடம், "சிஸ்டர் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. என் வீட்டுக்காரர் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டாரு. இன்னிக்கும் போட்டோவைப் பார்த்துத் திட்டிட்டுதான் வர்றேன்" என்றாள்.

ஆறாவது முடிந்தது. அந்த அம்மாளின் பக்கத்திலேயே சாவி குலுங்கியது. இதற்குமேல் நர்ஸால் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஏழாவதை அவருக்கு நான் சொல்லவே இல்ல. சொல்லாமலே டிக் போட்டுட்டேன்."

அந்த அம்மாள் கத்துவாள், அடிக்கவும் வருவாள் என்று நர்ஸ் காத்திருந்தாள். அந்த அம்மாளோ தன் மடியிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அஞ்சு வருஷமாத் திட்டினேனே. பதில் பேச முடியாத மனுஷனை."

பிறகு அவள் தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"டிக் அப்புறம் போடலாம். மொதல்ல சொல்லுங்க. அவர் காதுலயும் விழட்டும்."

நர்ஸ் சொன்னாள். ஒரே ஒரு முறை, முழுசாக, குரல் உடைந்தாலும் நிறுத்தாமல் சொன்னாள்.

சாவிச் சத்தம் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் போனது. அந்த அம்மாளும் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.