நாடகத்துக்கு மட்டும் ஒரு சாய்தளம்

தொலைக்காட்சியில் ஓடிய போர் நாடகத்தின் ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பான சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் அழாதவள் நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால் நல்லது.

நாடகம் ஒரு சின்னத் தீவைப் பற்றியது. எதிர்க்கரையில் ஒரு பெரிய நாடு. அங்கிருந்து படைகள் படகேறி வரப்போகின்றன, தீவுக்காரர்கள் தயாராகிறார்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் 'இக்கதை எந்தத் தீவையும் குறிப்பதல்ல' என்று எழுத்துப் போடுவார்கள். நாங்களும் ஒரு தீவில்தான் இருக்கிறோம், எங்களுக்கும் ஒரு எதிர்க்கரை இருக்கிறது. அந்த எழுத்து வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சைரன் ஊதிப் பயிற்சி நடக்கும். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள எங்கள் கட்டடத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. தரைத்தளத்திலிருந்து பதினாறு படி இறங்க வேண்டும். லிஃப்ட் அதுவரை போகாது, போனாலும் சைரன் ஊதியதும் நிறுத்திவிடுவார்கள். ஒரு லாரிக்காரன் புண்ணியத்தில் ஒன்பது வருடமாக நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். என் வீடு தரைத்தளத்தில், நிலவறைக் கதவிலிருந்து பத்தடி தூரம். கட்டடத்திலேயே அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பவள் நான். உள்ளே போக முடியாதவளும் நான்தான்.

முதல் பயிற்சியில் என் வீட்டுக்காரரோடு சேர்த்து நான்கு ஆண்கள் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவருக்குக் கை வழுக்கியது. எனக்கு மணிக்கட்டு முறிந்தது. "பாத்து இருந்திருக்கலாமே" என்று என்னிடம்தான் சொன்னார்கள்.

அதன்பிறகு ஒரு சாய்தளம் கேட்டு குடியிருப்போர் சங்கத்துக்கு மனு எழுதினேன். படிக்கட்டின் ஒரு ஓரமாக, நாற்காலி இறங்கும் அகலத்துக்குப் பலகை. அவ்வளவுதான். செலவுகூட என்னுடையது என்று எழுதினேன். முதல் வருடம் படிக்கட்டு பொதுச்சொத்து என்றார்கள். இரண்டாம் வருடம் குடிமைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாம் வருடம் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. எனக்கா தெரியாது அதன் பொருள்? நான் குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலை பார்க்கிறேன், வீட்டிலிருந்தபடியே, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று தேன் ஒழுகச் சொல்கிறவள் நான். என் காதிலேயே பூச்சுற்றினார்கள்.

இந்த நிலையில்தான் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். ஊரெல்லாம் தேடி எங்கள் நிலவறையைப் பிடித்திருந்தார்கள். கலை இயக்குநர் ஒரு இளைஞன், காதில் பென்சில். படிக்கட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பட்டாளத்து மகன் தன் தாயைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கும் காட்சி இது, ஒரு சாய்தளம் போட வேண்டும் என்றான். எங்கள் சங்கத் தலைவர் பக்கத்தில்தான் நின்றார். "தாராளமா போட்டுக்கங்க தம்பி" என்றார். துறைக்குத் தொலைபேசியில் பேசி அன்று மதியமே அனுமதி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் இரண்டு தச்சர்கள் வந்தார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடித்தார்கள். மூன்று வருடம் நான் கெஞ்சியது மூன்றரை மணி நேர வேலை.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அந்தப் பையன் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அக்கா, உங்க வீல்சேர் ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா? நாங்க கொண்டுவந்தது புதுசு, பாத்தா கடையில இருந்து எடுத்த மாதிரி இருக்கு. உங்களுது நல்லா அடிபட்டுத் தேஞ்சு இருக்கு."

"தர்றேன். வாடகை வேண்டாம். ராம்ப்ப மட்டும் கழட்டாம விட்டுட்டுப் போங்க."

"அட, இவ்வளவுதானா? கண்டிப்பா விட்டுட்டுப் போறோம்க்கா. கழட்டுறதுதான் எங்களுக்குக் கூடுதல் வேலை."

இரண்டு நாள் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் நாற்காலி நடிப்பதைப் பார்த்தேன். தாயாக நடித்த அம்மாள் நன்றாகத்தான் நடித்தார். தலை ஒரு பக்கம் சாய, கை நடுங்க, பார்ப்பவருக்கு உருகும். 'கட்' என்றதும் சட்டென்று எழுந்து காபி குடிக்கப் போவார். எழுந்து போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பகீர் என்றது.

இரண்டாம் நாள் மாலை வேலை முடிந்ததும் நாற்காலியைக் கொடுத்தார்கள். நான் அதில் ஏறி, சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து விட்டு, சாய்தளத்தில் நானே இறங்கினேன். யாரும் தள்ளவில்லை. கீழே நீளநீளமான பெஞ்சுகள், தண்ணீர்க் கேன்கள், முதலுதவிப் பெட்டி, கதவு வைத்த கழிவறை. என்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த இடம். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார், பிறகு மெதுவாக இறங்கி வந்தார். "நல்லா இருக்கா?" என்று கேட்டார். நான் பத்து நிமிடம் அங்கேயே இருந்தேன். அன்று எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

மறுநாள் காலை சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாதிச் சாய்தளம் லாரியில் ஏறிவிட்டது. அந்தப் பையனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க சங்கத்துலயே எழுதிக் கொடுத்துட்டாங்கக்கா. இடம் எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுக்கணுமாம்."

தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எதையும் கணக்கோடு பேசுவார்.

"தங்கச்சி, அது ஷூட்டிங்குக்காகப் போட்டது. நிரந்தரமா வெச்சா படிக்கட்டுல பாதி போயிடும். ஆறு நிமிஷத்துல எல்லாரும் இறங்கணும்னு துறை சொல்லுது. ராம்ப் இருந்தா எட்டு நிமிஷம் ஆகும். சர்டிபிகேட் போயிடும்."

"எல்லாரும்னா நான் இல்லையா சார்?"

"உனக்குக் கோவம் வரும். நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இனி அந்த ஒன்பதாம் பகுதிக்கு வருகிறேன். எங்கள் கட்டடம் தெரியப்போகிறது என்று சங்கத்தின் கூடத்தில் பெரிய திரை கட்டி எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். சைரன் ஊதுகிறது. சனங்கள் ஓடுகிறார்கள். தளபதி கதவை மூடச் சொல்கிறார். அப்போது மகன் கத்துகிறான், "என் அம்மாவ விட்டுட்டு ஒருத்தரும் கதவ மூடக் கூடாது!" தாயைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் இறங்குகிறான், சனங்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கூடத்தில் கைதட்டல் பறந்தது. இரண்டாம் மாடி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டார்.

"உன் வண்டிய பாத்ததும் எனக்கு அழுகைய அடக்க முடியல."

"வண்டிக்கு அழுதீங்களா, எனக்கு அழுதீங்களாக்கா?"

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் விடவில்லை. உரக்கவே கேட்டேன், அந்தச் சாய்தளம் இப்போது எங்கே என்று. கைதட்டிய கைகளெல்லாம் மடிக்குப் போய்விட்டன. தலைவர்தான் எழுந்தார். "நாடகத்த நாடகமா பாக்கணும்மா" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் துறையின் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. தொடர்ந்து ஆறு பயிற்சிகளில் நூற்றுக்கு நூறு. வீட்டிலிருந்த அத்தனை பேரும் ஆறு நிமிடத்துக்குள் நிலவறையில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு பயிற்சிகளிலும் நான் வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை கால்கள் தடதடவென்று இறங்குவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு எப்படி நூற்றுக்கு நூறு? பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தலைவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். செயலாளர் விவரம் தெரியாத மனுஷன், அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆறு பக்கத்திலும் என் வீட்டு எண்ணில், என் பெயருக்கு நேரே 'வெளியூர்' என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒருவர் ஊரில் இல்லை என்றால் குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தது. ஆறும் என் வீட்டுக்காரரின் கையெழுத்து.

அவர் பேருந்து ஓட்டுநர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர். பயிற்சியின்போது படிக்கட்டில் ஆட்களை வரிசையாக அனுப்பும் தொண்டர் வேலையும் அவருக்குத்தான். அன்றிரவு அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நான் எந்த ஊருக்குப் போயிருந்தேன்?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அன்னைக்கு நீ விழுந்தப்போ அந்தக் கை என்னுதுதான். வழுக்குனது என் கைதான். யார்கிட்டயும் சொல்லல. மறுபடி உன்ன தூக்கச் சொல்லிடுவாங்கன்னு பயம். கையெழுத்துப் போட்டா விட்டுருவோம்னாங்க, போட்டேன்."

"தூக்காம இருக்க என்னை இல்லாமலே ஆக்கிட்டீங்க."

கை வழுக்கியதை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன். ஆறு கையெழுத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், தட்டு நங்கென்று விழுந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, பயிற்சி. காலை பத்து மணி. தொலைக்காட்சியில் வந்த நிலவறை என்பதால் துறையிலிருந்து பெரிய அதிகாரியே வருகிறார் என்று தலைவர் மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு போனார். என் வாசலில் மட்டும் நின்று குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் உள்ளேயே இருந்துக்கம்மா."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். கதவைத் திறந்தேன். அந்தப் பத்தடியைக் கடந்து நிலவறையின் வாசலுக்குப் போய், கதவின் இரண்டு நிலைகளுக்கும் நடுவே நாற்காலியை நிறுத்தினேன். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. வலப்பக்கத்து பிரேக்கைப் போட்டேன். கீழே அதிகாரி கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்து, முதல் ஆள் தயாராக இருக்கிறார் என்று நினைத்துப் புன்னகை செய்தார்.

சைரன் ஊதியது. மாடிகளிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்கள், வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், முன்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

"கொஞ்சம் நகரும்மா."

"எங்க நகரணும்? முன்னாடி படி."

"சரி, நாலு பேர் வாங்க, தூக்கிடலாம்."

"நாற்காலியில ஒரு கை பட்டாலும் நான் கீழ விழுந்து உருளுவேன். அப்புறம் அதிகாரிகிட்ட நீங்களே பதில் சொல்லிக்கங்க."

தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முகம் வேர்த்திருந்தது. "ரெண்டு நிமிஷம் போச்சு. என்ன பிடிவாதம் இது?"

இரண்டாம் மாடி அக்காவின் குரல் கீச்சிட்டது. "எங்களையும் சேத்து மாட்டி வெக்கிறியே. நெஜமாவே குண்டு விழுந்தா என்ன பண்ணுவோம்?"

"நெஜமாவே விழுந்தாலும் நான் இந்த இடத்துலதான் இருப்பேன்க்கா" என்றேன். "நான் உங்க வழிய மறிக்கல. என் வழி இதோட முடிஞ்சு போச்சு. இங்க வரைக்கும்தான் என்னால வர முடியும்."

சைரன் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து அதிகாரி "ஏன் யாரும் வரலை?" என்று கத்தினார். தலைவர் மாடிப் படிக்கட்டருகே நின்ற என் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தார்.

"நீயாவது சொல்லுப்பா. உன் சம்சாரம். வண்டிய எடு."

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் நாற்காலியின் இடப்பக்கத்து பிரேக் லேசில் விழாது, உட்கார்ந்தபடி என்னால் போட முடியாது, குதிகாலால் மிதித்தால்தான் பிடிக்கும். அவர் எட்டி அதை மிதித்தார். நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றுவிட்டார்.

ஆறு நிமிடம் முடிந்து சைரன் ஓய்ந்தது. நிலவறையில் அதிகாரி ஒருவர் மட்டுமே நின்றிருந்தார். கட்டடத்தில் மிச்சம் இருந்த நாங்கள் எல்லாரும் மேலே இருந்தோம்.