பின்னால் வந்தவன்

வில்கேனியா ஊருக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருந்தபோது, சாயங்கால வெயிலில் அந்தக் கங்காரு சாலையின் குறுக்கே பாய்ந்தது. கிளைவ் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறங்கிப் பார்த்தான். பெரிய ஆண் கங்காரு, உயிரில்லை. காரின் சிக்னல் விளக்கு நொறுங்கி, மஞ்சள் சில்லுகள் தாரில் சிதறிக் கிடந்தன.

"ஓரமா இழுத்துப் போடலாமா?" என்றாள் மனைவி ஐலீன், இருக்கையை விட்டு எழாமலே.

"அறுபது கிலோ இருக்கும். என் இடுப்பு தாங்காது. பின்னாடி எவனாவது லாரிக்காரன் வருவான், அவன் பாத்துப்பான்."

"அதுவும் சரிதான். இருக்கிறதே ஒரு நல்ல சட்டை. அதையும் இப்பவே மாட்டிக்கிட்டு வந்திருக்கே. ரத்தக்கறையோட பொண்ணு கல்யாணத்துல நிக்காதே."

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து, மூன்றாம் நாள் காலை அதே வழியாகத் திரும்பினார்கள். ஐலீன் மடியில் மிச்சமிருந்த கேக் பொட்டலம். எதிர்வெயில் கண்ணைக் கூச வைத்தது. நடுச்சாலையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அருகே போனதும் அது இறக்கை விரித்தது. கழுகு. ஆனால் அது எழும்பவே நேரமெடுத்தது. காரின் முன்கம்பியில் 'தொம்' என்று மோதி விழுந்தது.

ஒரு இறக்கை தொங்க, அது நிற்கப் பார்த்தது, முடியவில்லை. மேலே வட்டமிட்ட அதன் ஜோடி, வேலிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது.

கைபேசியில் சிக்னல் இல்லை. கிளைவ் லாரிக்காரர்களோடு பேச காரில் வைத்திருந்த ரேடியோவை எடுத்தான். "கழுகை அடிச்சிட்டேன். உயிர் இருக்கு. பக்கத்துல யாராவது உதவ முடியுமா?"

எங்கிருந்தோ ஒரு லாரிக்காரனின் குரல் கரகரத்தது. "கோபார் ஊர்ல அடிபட்ட பறவைகளைப் பாத்துக்கிற ஒரு அம்மா இருக்காங்க. வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். ரோட்டுல செத்துக் கிடந்த கங்காரு எதையாவது தின்னுட்டிருந்துச்சா?"

"ஆமா."

"வயிறு நிறைஞ்ச கழுகால சட்டுனு எழும்ப முடியாதுப்பா. அந்தக் கங்காருவை நடுரோட்டுல போட்டுட்டுப் போனான் பாரு ஒரு சோம்பேறி, அவனைச் சொல்லணும். உன்மேல தப்பில்ல."

கிளைவ் ரேடியோவை வைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கினான். அவன் காலடியில் மஞ்சள் சில்லுகள் மின்னின.

ஐலீன் போர்வையால் கழுகை மூடினாள். வேறு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரத்தில் போர்வைக்கடியில் அசைவு நின்றது. கம்பத்திலிருந்த ஜோடி மட்டும் போகவில்லை.

கிளைவ் எழுந்து கங்காருவின் வாலைப் பிடித்தான். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐலீன் காலைப் பிடித்தாள். இரண்டே நிமிடம், புதரோரம் போய்ச் சேர்ந்தது.

"நானும்தான் அன்னிக்குச் சட்டைக்காகக் கவலைப்பட்டேன்," என்றாள் அவள் மெதுவாக.

கிளைவ் கம்பத்தைப் பார்த்தபடி நின்றான்.

"பின்னாடி வர்றவன் பாத்துப்பான்னு சொன்னேன். பின்னாடி வந்தவன் நான்தான், ஐலீன். நம்ம வேலையை அடுத்தவன் செய்வான்னு விட்டுட்டுப் போனா, அதுக்கு ஏதோ ஒரு உயிர்தான் பலியாகுது."