ஒரு கோடு குறைந்த பெயர்

இவ்வளவு மரியாதையாக என்னிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? விருப்பமிருந்தால் மட்டும் என்கிறது. இப்போது முடியாதென்றால் பிறகு என்கிறது. பெயர் வைத்தபோது யாரும் கேட்கவில்லை. படிப்பை நிறுத்தியபோது கேட்கவில்லை. காங்ஷானில் இருக்கிற இந்தத் திருகாணித் தொழிற்சாலையில் கொண்டுவந்து விட்ட மாமா, வழியில் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. இந்தப் புதுப்பிப்பு அறிவிப்பு மட்டும் கணினித் திரையின் மூலையில் நின்றுகொண்டு, வாசலிலேயே தயங்குகிற விருந்தாளி மாதிரி, உள்ளே வரட்டுமா என்கிறது. எனக்கு வா என்றும் சொல்ல வரவில்லை, வராதே என்றும் சொல்ல வரவில்லை.

இப்படி நினைத்துக்கொண்டே யின்ஜூன் பல வாரங்களாக 'பிறகு' என்ற பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தாள். இன்று அது முடியாது. கணினிகளைப் பார்த்துக்கொள்கிற காங், நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முன்தலை வழுக்கை விழுந்த மனிதர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அவர் பார்ப்பது, கணினி சொன்ன பேச்சைக் கேட்கவேண்டும் என்று அதன் தலையில் எல்லோரும் வைக்கிற பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத்தான். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தேதி முடிஞ்சுபோச்சே அக்கா. இப்படிப் பட்டினி போட்டா அது எப்படி ஒழுங்கா வேலை செய்யும்?"

"நாளைக்குப் புதுசு வாங்கி வைக்கிறேன்."

"கண்டிப்பா பச்சைதான். போன வாரம் ஒரு கடையில மஞ்சளை வச்சிருந்தாங்க. பில் போடுற மெஷின் படுத்துடுச்சு. என்னைத் திட்டுறாங்க." அவர் திரையைச் சுட்டிக்காட்டினார். "சரி, இதைப் போட்டுடலாமா? கட்டாயமானதெல்லாம் தானாவே ஏறிடுச்சு. இது மட்டும் உங்க இஷ்டம். முதலாளிகிட்டயும் கேட்டுட்டேன், யின்ஜூன் மேஜை கம்ப்யூட்டரை அவங்களையே கேளுன்னுட்டார்."

"போட்டா என்ன ஆகும்?"

"நல்லதுதான் ஆகும். புது எழுத்துத் தொகுப்பு வருது. அதுல உங்க எழுத்து இருக்கு அக்கா. வீட்ல தேடிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு. இதுல யாரோ கையால செஞ்சு வச்சிருக்காங்க பாருங்க, அந்த எழுத்து போயிடும். அது இருக்கிற இடத்துலதான் புதுசு வந்து உக்காரும்."

யின்ஜூன் திரையிலிருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

அவள் பெயரின் நடுவில் வரும் 'யின்' என்ற சீன எழுத்து வெகுகாலம் எந்த இயந்திரத்திலும் இருந்ததில்லை. கோயில் சந்தில் உட்கார்ந்திருந்த ஜோசியரிடம் அப்பா போய், கோடுகளை எண்ணிக் கூட்டிக் கழித்து வாங்கி வந்த எழுத்து அது. மேலே புல்லைக் குறிக்கும் கோடுகள். கீழே இடது பக்கம் வயிறு தள்ளிய ஒரு வளைவு, அதற்குள் குறுக்குக் கோடுகள். வலது பக்கம் கையில் கழி பிடித்த மாதிரி ஓர் உருவம். ஒரு கோடு குறைந்தாலும் அது வேறு யாருடைய தலையெழுத்தோ ஆகிவிடும் என்று அப்பா சொல்வார். கோடுகள் குறையாமல்தான் இருந்தன. எழுத்துதான் எங்கும் அச்சாகவில்லை. பள்ளியின் பெயர்ப் பட்டியலில் லியாவ் என்ற குடும்பப் பெயர் இருக்கும், ஜூன் இருக்கும், நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். ஆசிரியர்கள் அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லியாவ் என்னமோ ஜூன்" என்று வாசிப்பார்கள். வகுப்பு சிரிக்கும். பிறகு அதுவே பெயரானது. "ஏய் என்னமோ, பந்தைப் போடு." மருத்துவமனையில் அவள் முறை வரும்போது தாதி திரையைப் பார்த்துக் கொஞ்சம் விழிப்பாள். அந்த விழிப்பைப் பார்த்ததுமே யின்ஜூன் எழுந்துவிடுவாள். கூப்பிடாமலே எழுந்துகொள்வது அவளுக்குப் பழக்கமாகிப்போனது. தன் நடுவில் நிஜமாகவே ஏதோ இல்லை போலும் என்று ஒரு வயதில் அவள் நம்பியும் இருந்தாள்.

தொழிற்சாலையில் சேர்ந்த அன்று ஆர்டர் பிரிவின் தலைவி பாவ்ஜு அவளுடைய பணியாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வாய்க்குப் பேர்போனவர். லாரிக்காரர்கள்கூட அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

"இது என்ன, பேருக்கு நடுவுல ஜன்னலா? காத்து வரட்டும்னு விட்டு வச்சிருக்கியா?"

"அந்த எழுத்து கம்ப்யூட்டர்ல இல்ல அக்கா."

"இல்லேன்னா? உனக்கு வாய் இல்லையா, இதுதான்னு எழுதிக் காட்ட? எழுது."

எழுதிக் காட்டினாள். பாவ்ஜு மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அப்பாவையும் ஜோசியரையும் பற்றி விசாரித்தார். மதிய உணவு நேரத்தில் எல்லோரும் சோற்றுப் பெட்டியைத் திறந்தபோது அவர் மட்டும் கணினியில் புது எழுத்து வரைகிற சாளரத்தைத் திறந்தார். சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைந்த வெள்ளைச் சதுரம். ஒவ்வொரு கட்டமாக அழுத்திக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். தப்பாகிப்போனால் அழித்துவிட்டு மறுபடி. பொரித்த இறைச்சித் துண்டு ஆறி எண்ணெய் உறைந்தது. "போய் எனக்கு டீ வாங்கிட்டு வா, சர்க்கரை கம்மி" என்று அவளை விரட்டினார். டீயோடு வந்தபோது அச்சு இயந்திரம் கறகறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. தாள் வெளியே வந்தது. லியாவ் யின்ஜூன். நடுவில் ஜன்னல் இல்லை.

அன்று மாலை அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். பாலம் தாண்டுகிற இடத்தில்தான் கவனித்தாள். வயிறு தள்ளிய அந்த வளைவுக்குள் ஒரு கோடு இல்லை.

காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். அதற்குள் பாவ்ஜு அந்தப் பெயரைத் தடித்த அட்டையில் அச்சிட்டு அவள் மேஜையில் நிறுத்தியிருந்தார். பட்டறைப் பக்கம் போய், "புதுப்பொண்ணு பேரு யின்ஜூன். இனிமே எவனாவது என்னமோ கின்னமோன்னு கூப்பிட்டது காதுல விழுந்தது, அவன் சம்பள ஓலையிலயும் நடுவுல ஒரு ஜன்னல் வச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். இதற்குப் பிறகு கோடு குறைகிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சொல்லவே இல்லை. திருகாணிப் பெட்டிகளோடு போகிற சோதனைச் சான்றுகளில் எல்லாம், சோதித்தவர் என்ற இடத்தில், அந்தப் பெயர்தான் போயிற்று. அவள் பார்த்திராத துறைமுகங்களுக்குப் போயிற்று. பட்டறையிலிருந்து ஒவ்வொருவராக வந்து அதை வாய்விட்டு வாசித்தார்கள். யின்ஜூன் இங்கே கையெழுத்து, யின்ஜூன் அந்தப் பெட்டி வந்ததா. கூப்பிட்ட பிறகு எழுந்திருக்க அவள் கற்றுக்கொண்டது இங்கேதான். கணினி மாறும்போதெல்லாம் பாவ்ஜு அந்த எழுத்தை மறக்காமல் புதியதற்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஓய்வு பெற்றுப் போகிற கடைசி வாரத்திலும் சேர்த்துவிட்டுத்தான் போனார். அப்பா இருந்தவரை மட்டும், தொழிற்சாலைத் தாள் எதையும் யின்ஜூன் அவர் கண்ணில் படும்படி வீட்டில் வைத்ததில்லை.

"என்ன அக்கா, யோசனை பலமா இருக்கு?" காங் திரையில் அந்தப் பெயரைப் பெரிதாக்கினார். பிறகு இன்னும் பெரிதாக்கினார். "ஐயோ. இது தப்பால்ல இருக்கு. உள்ள ஒரு கோடே காணோம். இத்தனை வருஷமா நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்திருக்கேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? இப்ப எல்லா இடத்துலயும் சரியா வருதே. உங்க மருத்துவ அட்டையில, பேங்க்ல?"

"அதெல்லாம் வந்துடுச்சு. இதை மட்டும் எடுத்து வச்சு, புதுசுலயும் சேக்க முடியாதா?"

"படமா எடுத்துத் தர்றேன், சட்டம் போட்டு மாட்டிக்கலாம். பேரா அடிக்க வராது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சரியான எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு தவறைக் காப்பாற்றுவது என்ன நியாயம்? முழு எழுத்தைப் போடுவது அப்பாவுக்கு இத்தனை காலம் கழித்தாவது செய்கிற மரியாதை அல்லவா? ஆனால் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழிப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. காங்கை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு பாவ்ஜுவுக்குத் தொலைபேசியில் பேசினாள். பிங்டுங்கில் மகள் வீட்டில் இருந்தார் பாவ்ஜு. பின்னால் தொலைக்காட்சி அலறியது.

"யாரு, என்னமோவா?" மற்றவர்களுக்குத்தான் தடை, அவருக்கில்லை. "என்னடி, வேலை நேரத்துல போன்? முதலாளி செத்துட்டானா?"

"நல்லா இருக்கார் அக்கா. கம்ப்யூட்டருக்குப் புதுசா ஏதோ போடணுமாம். போட்டா நீங்க செஞ்ச எழுத்து போயிடுமாம். அதான் கேக்கலாம்னு."

"போனாப் போகட்டும். புதுசுல உன் எழுத்து இருக்கா?"

"இருக்கு."

"எல்லாக் கோடும் இருக்கா?"

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாம? நான்தான எடுத்தேன்." தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. "முதல்ல முழுசாத்தான் போட்டேன். அந்தக் கட்டத்துக்குள்ள அத்தனை கோட்டுக்கு இடம் எங்க இருக்கு? அடிச்சுப் பாத்தா நடுவுல மை கொட்டின மாதிரி ஒரே கறுப்பா அப்பிக்கிட்டு வந்துச்சு. ஒரு பய படிக்க முடியாது. இத்தனை நாளு ஜன்னலு, இனிமே கறையான்னு தோணுச்சு. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுட்டு, ஒரு கோட்டைத் தூக்கினேன். பளிச்சுன்னு வந்துச்சு. நீ டீயோட வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எந்த வாயால சொல்றது? உங்கப்பா கோடு எண்ணி வாங்கின பேருன்னு நீதான சொன்ன. அதுல ஒண்ண நான் உருவிட்டேன்னா சொல்றது? நீயே வந்து சண்டை போடுவேன்னு பாத்தேன். நீ எலி மாதிரி வாயைத் திறக்கல. அன்னைக்கு சாயங்காலமே கோயிலுக்குப் போயிட்டேன். உன் பேரைச் சொல்லி ஊதுவத்தி ஏத்தி, அந்தக் கோட்டால ஏதாவது வர்றதுன்னா என் தலையில வரட்டும், அந்தப் பொண்ணுக்கு வேணாம்னுட்டு வந்தேன்."

யின்ஜூன் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஒவ்வொரு புது வருஷத்துக்கும் போயி சொல்லிட்டு வந்துடுவேன். கண்ணு ஆபரேஷன் ஆனப்ப, சரி, அந்தக் கோட்டுக்கான கடன் வசூலுக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன்." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "இருக்கியாடி?"

"இருக்கேன் அக்கா."

இருந்தாள். ஆனால் அவளுக்குள் ஏதோ இடம் மாறிக்கொண்டிருந்தது. தான் பெருந்தன்மையாக ஒரு பிழையைப் பொறுத்துக்கொண்டு வந்ததாக அல்லவா இவ்வளவு காலம் நினைத்திருந்தாள்? சொல்லாமல் இருந்ததுதான் தன்னால் முடிந்த நன்றி என்று ரகசியமாகப் பெருமையும் பட்டிருந்தாள். பொறுத்துக்கொண்டது அவள் இல்லை. சோறு ஆறிப்போக உட்கார்ந்து, படிக்க முடிகிற ஒரு பெயரை அவளுக்குக் கொடுத்து, அதற்கு வரக்கூடிய கெடுதலையும் கேட்காமலே தன் பேரில் எழுதிக்கொண்ட ஒருத்தி அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு ஒரு நல்ல விதியைத் தேடிக்கொண்டு வந்தார். அது உண்மை. அந்த விதியை யாராவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட வைத்தது இவர்.

"அந்தப் பேரால எனக்கு ஒரு கெடுதலும் வரல அக்கா," என்றாள். "நல்லது மட்டும்தான் வந்துச்சு. இனிமே எனக்காகக் கோயில்ல அதைச் சொல்லாதீங்க. உங்க கண்ணுக்கு வேண்டிக்குங்க."

"சரி சரி, அழுது வைக்காத. நான் சொல்றதைக் கேளு. முழு எழுத்து வந்துடுச்சுல்ல, அதைப் போட்டுக்கோ. நான் செஞ்சது அப்போதைக்கு ஒப்பேத்தினது. இன்னும் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழற? கம்ப்யூட்டர் பாக்குற ஆள் பக்கத்துலதான இருப்பான், போடச் சொல்லு."

காங் டீ குவளையோடு திரும்பி வந்து சுட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். திரையில் அந்த எழுத்து இன்னும் பெரிதாகவே இருந்தது. ஒவ்வொரு கறுப்புக் கட்டமும் தெரிந்தது, நடுவில் கோட்டுக்குப் பதிலாக விட்டிருந்த வெள்ளையும் தெரிந்தது.

"என்னடி, காதுல விழுந்துச்சா? போடச் சொன்னியா?"

யின்ஜூன் காங்கின் கையிலிருந்து சுட்டியை மெதுவாக எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா," என்றாள் இருவருக்கும் கேட்கும்படி. "இதுவே இருக்கட்டும்."