மூன்றாவது சிலிண்டர்

வேன்காரரின் மனைவிக்கு மூச்சு ஓடியது, வாசலில் நின்ற பழைய வேனின் எஞ்சினில். அந்தத் தெருவில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கடுங்காய்ச்சலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று சிக்னலில் வண்டி அணைந்தது, அவளும் அணைந்தாள். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்தே இருமிக்கொண்டு எழுந்தன. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் ஒருமுறையும் எஞ்சின் மூடியில் ஒருமுறையும் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை அணைக்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு வண்டி நிற்கவே இல்லை. ஓடும்போதே பெட்ரோல், ஓடும்போதே ஆயில். சவாரிக்கும் வேன்காரர் அப்படியே போனார். மேடு ஏறினால் வீட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியதால் மேட்டுப் பக்கச் சவாரிகளை விட்டுவிட்டார். புகைக்காகச் சண்டைக்கு வந்த எதிர்வீட்டுக்காரர், நாளடைவில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்தார். வருடங்கள் போயின. வேன்காரருக்குத் தலை நரைத்தது, அவள் கொஞ்சம் சதை போட்டாள். நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் எஞ்சின் உதற ஆரம்பித்தது. ஓட்டும்போது தெரியாது; சும்மா நிற்கும்போதுதான் கண்ணாடியெல்லாம் கடகடக்கும். வீட்டுக்குள் அவள் கையில் டீ தளும்பியது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் மாலை உள்ளே வந்த புருஷனைப் பார்த்து, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். ஏதோ கோபம் என்று நினைத்தவர், சமாதானத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக இருந்தது. என் கால் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பிதான். முதலில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி, வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டினான். உதறல் நின்றது, ஆனால் அந்த வேகத்தில் அக்கா வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்துத் தீர்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்ததையும் இழுத்துப் போட்டாள். "இது சும்மா மூடி மறைக்கிற வேலை மாமா" என்று அவனே பழைய அளவுக்குத் திருப்பி வைத்தான். எங்காவது காற்று கசிகிறதா என்று ரப்பர் குழாய்களில் காதை வைத்துக் கேட்டான். கசியவில்லை.

பிறகு தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தான். ஓடும் எஞ்சினில், சிலிண்டருக்குத் தீப்பொறி கொண்டுபோகும் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. பிடுங்கியதும் சத்தம் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்தது. முதல் வயரைப் பிடுங்கினான், உள்ளே அவளுடைய வலது கை தொங்கியது. இரண்டாவதில் பேச்சு பாதியில் நின்றது. நான்காவதில் எதிரே இருந்த சுவர் தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் வேன்காரர் பதறிக் கத்த, அவன் வயரைத் திரும்பச் சொருகினான். மூன்றாவதைப் பிடுங்கியபோது ஒன்றுமே நடக்கவில்லை. வேன்காரர் உள்ளே ஓடினார். அவளுக்குத் தம்பியைத் தெரிந்தது, எதிர்வீட்டுக்காரரைத் தெரிந்தது, குழம்புக்கு உப்பு போட்டதுகூட நினைவிருந்தது. இவரைத்தான் தெரியவில்லை.

மூன்றாவதில் இருந்தது தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

தம்பி எஞ்சின் ஓட்டத்திலேயே அந்தப் பிளக்கைக் கழற்றிப் புதிதாகப் போட்டான். பலனில்லை. மறுபடி கழற்றித் துளையில் கட்டைவிரலை வைத்தான். விரலைத் தூக்கி எறிய வேண்டிய காற்று லேசாகத் தொட்டுவிட்டுப் போனது.

"வால்வு தீஞ்சுபோச்சு மாமா."

"மாத்திடு மாப்ள."

"அதுக்கு எஞ்சின் ஹெட்டையே கழட்டி இறக்கணும். அரை நாளாவது வண்டிய அணைக்கணும்."

அன்று சிக்னலில் கண்ட அவளுடைய நீலம் பாய்ந்த உதடுகள் வேன்காரருக்கும், அன்று கூடவே வந்திருந்த தம்பிக்கும் ஞாபகம் வந்தன. அவளுக்கு எது எப்படிப் போனாலும் தன்னைத் தெரிய வேண்டும் என்று வேன்காரருக்கு ஒரு கணம் ஆசை வந்தது. சாவி வரைக்கும் கை போயிற்று. தம்பி தடுக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை தானாகவே திரும்பி வந்தது.

அன்றிலிருந்து தம்பி அக்காவோடு வீட்டில் தங்கினான். முன்பின் தெரியாத ஆம்பளையை வீட்டுக்குள் படுக்கவிட அவள் சம்மதிக்காததால் வேன்காரர் வண்டியிலேயே படுத்தார். கொஞ்ச நாளில் தெருவுக்கும் அது பழகிப்போயிற்று. மத்தியானங்களில் அவள் ஒரு டம்ளர் டீயோடு வெளியே வருவாள்.

"டிரைவரே, எப்பப் பாத்தாலும் உறுமிக்கிட்டே நிக்குதே. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணக்கூடாதா? தலைய வலிக்குது."

"இதோ ஆச்சும்மா."

"உங்களுக்கு வீட்ல யாரும் இல்லையா?"

"சம்சாரம் இருக்காங்க. உடம்பு சரியில்ல."

"அட, அப்ப இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? மொதல்ல வீட்டுக்குப் போங்க."

சரிங்கம்மா என்று தலையாட்டி, டீயைக் குடித்து டம்ளரைக் கொடுப்பார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் பெட்ரோல் கேனை எடுத்து டேங்க் மூடியைத் திறப்பார்.