பழைய லாரியில் இரண்டாவது குரல்

அந்த லாரிக்கு இருபத்துநாலு வயது. டிரைவருக்கும் அதற்கும் பதினெட்டு வருடப் பழக்கம். வேகம் நாற்பதைத் தாண்டினால் கேபினுக்குள் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும். ரேடியோ பாடுகிறதா இல்லையா என்பதை அதன் விளக்கு எரிவதை வைத்துத்தான் சொல்ல முடியும். அவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. லாரி என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்.

அவர் மனைவியின் தங்கை கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் பட்டறை வைத்திருந்தாள். எல்லோரும் அவளை 'வயர்' என்றே கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயரா, ஒல்லி உடம்பால் வந்த பெயரா என்பது அவளுக்கே தெரியாது. இரவல் வாங்கிய டிரில்லைத் திருப்பிக் கொடுக்க அவர் போன அன்று, யாரோ ஒருவருடைய காரில் வேலை முடித்துச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் உள்ள உக்காருங்க மாமா. கதவச் சாத்துங்க."

ஒரு பாட்டுதான். வெளியே வந்தவர் நிற்காமல், ஓரமாகக் கிடந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"என்ன மாமா, டாக்டரக் கூப்பிடவா?"

"எனக்கு இது வேணும். லாரில."

வயர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. "அதுல போட்டா பாட்டா கேக்கும்? தகரம்ல ஆடும்."

"ஆடாமப் பண்ண முடியாதா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, "நாலு நாள் விடுங்க" என்றாள்.

முதல் நாள் கேபினையே தோலுரித்தாள். சீட்டு, கதவின் உள்பலகை, தரைவிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. பிறகு ஒவ்வொரு தகட்டையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். காலியாக ஒலித்த இடமெல்லாம் சாக்பீஸ் குறி. குறி போட்ட இடங்களில் கறுப்பு ரப்பர் தாளை ஒட்டி, உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்த வேலையில் டிரைவரும் சேர்ந்துகொண்டார். சாயங்காலம் அவள் கதவைச் சாத்திக் காட்டினாள். எப்போதும் தகர டப்பா விழுகிற மாதிரிச் சத்தம் போடும் கதவு, கனத்த புத்தகத்தை மூடுவதுபோல் 'தொப்' என்றது. அவர் அதைப் பதினைந்து தடவை திறந்து மூடினார்.

அடுத்த இரண்டு நாள் மரவேலையும் வயர்வேலையும். டிரைவர் படுக்கும் பலகையில் பாதியை அறுத்து, அந்த இடத்தில் அடிநாதம் தரும் பெரிய ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி கட்டினாள்.

"காலை எங்க நீட்டுறது?"

"மடக்கிப் படுங்க. இல்ல, நின்னுட்டே தூங்குங்க. ஸ்பீக்கர மடக்க முடியாது மாமா."

பேட்டரியிலிருந்து கட்டைவிரல் மொத்தத்துக்கு வயர் வந்தது. லாரியின் இருபத்துநாலு வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைக்க ஒரு பெட்டி, ஆம்ப்ளிஃபயர் இரண்டு, கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர், முன்கண்ணாடி ஓரத்தில் சின்னதாக இரண்டு. நாலாம் நாள் காலை சுவிட்சைப் போட்டாள்.

கொசு ரீங்காரம் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் குரலை உயர்த்தியது. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். மத்தியானம் வரை கொசு போகவில்லை. வயர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தொழிலில் அவள் தோற்று அவர் பார்த்ததில்லை.

"எர்த்து எங்க குடுத்த?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சீட்டுக்குக் கீழ, அந்த போல்ட்ல. சுரண்டிட்டுத்தான் குடுத்தேன்."

"அது ஒட்டுப்போட்ட தகடும்மா. துருப்பிடிச்சுப் போய் நான்தான் மாத்துனேன். ரெண்டு கோட்டு பெயிண்ட அடிச்சு, பசை வச்சு ஒட்டுனது. வண்டியோட அதுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு இருவரும் லாரிக்கு அடியில் புகுந்தார்கள். அவர் காட்டிய இடத்தில், லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் வெள்ளியாக மின்னும்வரை சுரண்டி வயரை முடுக்கினாள். மேலே ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். கொசு இல்லை.

"பாட்டச் சொல்லுங்க."

பதினெட்டு வருடமாக அந்த ரேடியோவில், தகரச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டுக்கொண்டே ஓட்டிய ஒரு பழைய பாட்டைச் சொன்னார். அதன் ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கதவைச் சாத்தினார்கள்.

முதலில் பாட்டு வரவில்லை. பாடப்போகிறவள் மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. முன்கண்ணாடிக்கு நேரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்து. டிரைவர் தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்தார். வாத்தியக் கம்பி மேல் விரல் வழுக்குவது கேட்டது. அப்புறம் அடிநாதம் எழுந்தது. சத்தமாக அல்ல, தரையே மெல்ல உயர்வதுபோல். முதுகெலும்பு வழியாக ஏறி விலா எலும்புகளில் நிறைந்தது. பட்டறைக் கூரையிலிருந்து தூசி இறங்கியது. எதிர்ப்பக்கத்து வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு, நெஞ்சில் கையோடு தெருவில் நின்றார். உள்ளே ஒரு தகடு, ஒரு திருகாணிகூட அசையவில்லை.

இரண்டாவது சரணத்தில் டிரைவர் வயரின் கையைப் பிடித்தார்.

"இவ யாரு?"

"யாரு மாமா?"

"இவளுக்குப் பின்னாடி, தணிஞ்சு பாடுறாளே. இன்னொருத்தி."

வயர் காதைக் கொடுத்தாள். "ஆமா, ரெண்டு பேரு. முதல்லேர்ந்தே அங்கதான் பாடிட்டு இருக்கா. உங்க தகரம்தான் கேக்க விடல."

பதினெட்டு வருடம் ஒருத்தி பக்கத்திலேயே பாடிக்கொண்டு வந்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கியது. மைத்துனி முன்னால் வெட்கமாக இருந்தாலும் துடைக்கவில்லை. அவளும் அவரைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தாள். எத்தனையோ புதுக் கார்களுக்குச் செய்த வேலைதான். ஆனால் இந்தக் கிழட்டுத் தகரத்துக்குள் இத்தனை பெரிய இடம் திறக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடவா?" என்று அவளே கேட்டாள்.

மறுநாள் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், பத்து மணிக்கு வயருக்கு போன் செய்தார்.

"திரும்ப வேண்டிய இடத்த விட்டுட்டேம்மா. பதினோரு கிலோமீட்டர் தாண்டி வந்துட்டேன்."

"நீங்களா? கண்ணக் கட்டிவிட்டாலும் போவீங்களே."

"பாட்டு ஓடுச்சு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"தெரியல. ஆனா நல்லா இருக்கு."

போனை வைத்துவிட்டு, லாரியைத் திருப்ப இடம் தேடிக்கொண்டே போனார். அகலமாக, சௌகரியமாக, இரண்டு இடம் வந்தன. இரண்டையும் விட்டுவிட்டார். சரணம் பாதியில் இருந்தது.