வெயிலண்ணன் மழை பார்த்த கதை

வெயிலண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார். வேன் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான், சுரண்டினாலும் போகாது. தொழிலுக்கு வந்த புதிதில், மழை சீசனில், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மூன்று முறை மலைக்குப் போனார். மூன்று முறையும் ஒரு சொட்டு மழை இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் டிரைவர்கள் கூடி டீ குடிக்கும் இடத்தில் வாய் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் வெயிலு. வயது ஏறியபோது மரியாதை சேர்ந்து வெயிலண்ணன் ஆனார்.

இதில் பாதி வருஷம் அவருக்கு லாபமும் உண்டு. திறந்தவெளியில் கல்யாணம் வைக்கிறவர்கள் வேன் கம்பெனி முதலாளியம்மாவுக்கு போன் போட்டு, வண்டி எதுவானாலும் பரவாயில்லை, டிரைவர் மட்டும் அந்த வெயிலண்ணனாக இருக்கட்டும் என்பார்கள். அவர் வேனைக் கல்யாண வாசலில் நிறுத்திவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். அதுதான் அங்கே அவருடைய வேலை.

மழை சீசன் வந்தால் கதை மாறிவிடும். வீட்டில் தூறல் விழுந்தாலே ஜன்னலைச் சாத்துகிற ஆட்கள், அந்த மூன்று மாதமும் காசு கொடுத்து மலையேறி நனைவதற்கு அடித்துப் பிடித்து வருவார்கள். ஏரியைப் பார்க்க வேண்டும், மேகம் தொடும் பாறையைப் பார்க்க வேண்டும், அருவி கொட்டும்போது அடியில் நின்று சத்தம் போட வேண்டும். அவர்களிடம் போய் வெயிலை அனுப்ப முதலாளியம்மாவுக்கு என்ன பைத்தியமா? அதனால் அந்த மூன்று மாதமும் வெயிலண்ணனுக்கு ஷெட் வேலை. கதவு ஓரத்து ரப்பர் பட்டையில் தண்ணீர் கசிகிறதா என்று குழாயைப் பிடித்து அடித்துப் பார்ப்பார். பிரேக்கைக் கழற்றித் துடைப்பார். வைப்பர் ரப்பர் மாற்றுவார். எந்த வண்டிக்கு எந்த அளவு ரப்பர் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். புது ரப்பர் கட்டு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். மலைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியையும் அலங்கரித்து அனுப்பிவிட்டு வாசலில் நின்று டாட்டா காட்டுவார்.

அவர் மனைவிக்கு இது ஆறாத குறை. அந்த நிறுவனத்தில் சீட் காலியாக இருந்தால் டிரைவரின் வீட்டார் கூடப் போகலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. மற்ற டிரைவர்களின் மனைவிமார் எல்லாரும் போய்வந்து, அருவிச் சாரலில் முகம் எப்படிச் சில்லிட்டது என்று அவளிடமே சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அவள் தையல் மெஷினை விட்டு எழாமல், அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

இந்த வருஷம் ஒரு டிரைவர் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இன்னொருவருக்குக் காய்ச்சல். மலைக்குப் போக ஆட்கள் பணம் கட்டிவிட்டார்கள். வெயிலண்ணன் முதலாளியம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, நான் போறேன்மா என்றார். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, வேறு வழி இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"சரி தம்பி, போங்க. ஆனா இதுதான் கடைசி. மழை பெஞ்சுதுன்னா இனிமே எல்லா சீசனும் உங்களுக்கு உண்டு. பெய்யலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஷெட்டுதான்."

வெயிலண்ணன் தலையாட்டிவிட்டு, நின்ற காலிலேயே மனைவிக்கு போன் போட்டார். ஒரு சீட் காலியாக இருந்தது.

அவளுடைய பையைப் பார்த்திருக்க வேண்டும். துண்டு, மாற்றுத்துணி, குடை, ரெயின்கோட், ரெயின்கோட்டுக்கு மேல் போட இன்னொரு ரெயின்கோட். கடலில் குதிக்கப் போகிறவளுக்குக்கூட அவ்வளவு தேவைப்படாது. அவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மழையைப் படம் பிடிக்கவென்றே பெரிய கேமராவோடு வந்த ஒருவர். கேமராக்காரர் ஏறும்போதே, கொட்டணும் அண்ணே, பேய்மழையா கொட்டணும் என்றார். வெயிலண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, கொட்டும் கொட்டும் என்றார்.

முதல் நாள் ஏரி. வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. தண்ணீரில் ஒரு வளையம் கூட விழவில்லை. மறுநாள் மேகம் தொடும் பாறை. அங்கே மேகத்தைத் தவிர எல்லாம் தெரிந்தது. அடிவாரத்தில் யாரோ மாடியில் துணி காயப்போடுவது வரை தெளிவாகத் தெரிந்தது. புதுப்பெண் கறுப்புக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கேமராக்காரர் வேறு வழியில்லாமல் துணி காயப்போடுவதைப் படம் பிடித்தார்.

அதுவரை கூட ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மலையில் இரண்டு நாள் வெயில் அடிப்பது ஒரு அதிசயமா என்று ஆளாளுக்குத் தேற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை, அருவிக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கே நின்ற வேறொரு கம்பெனி டிரைவர் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன வெயிலு, மழை சீசன்ல உன்னை யாருப்பா மேல விட்டது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? ஏன் அந்தப் பெயர் வந்தது என்று ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

வேன் மறுபடி கிளம்பியது. கணக்கு டீச்சர்தான் அவருக்காக வாதாடினார். ஒரு நாணயத்தைச் சுண்டினால் மூன்று தடவையும் தலை விழலாம், அதற்காக நாணயத்தின் மேல் யாராவது கோபப்படுவார்களா என்று கேட்டார். எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். ஆனால் ஒவ்வொருவராகக் கண்ணாடியில் டிரைவரின் முகத்தைப் பார்ப்பது வெயிலண்ணனுக்குத் தெரிந்தது. மனைவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவள் மடியில் இரண்டு ரெயின்கோட்டும் மடித்தது மடித்தபடி இருந்தன.

அருவியைப் பற்றி என்ன சொல்வது? மூடாத குழாய் அதைவிட நன்றாகக் கொட்டும். எல்லாரும் பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். அப்போது கணக்கு டீச்சர் மெதுவாக வெயிலண்ணன் பக்கம் வந்தார். செருமினார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நான் இதெல்லாம் நம்புற ஆள் இல்லை டிரைவர் தம்பி. ஆனா நீங்க வண்டியை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமா போயிட்டு வந்தா, தப்பொண்ணும் இல்லையே?"

வெயிலண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அவரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தான் தொலைந்தாலாவது மழை வரட்டும், அவள் ஒரு தடவையாவது பார்க்கட்டும். முதலாளியம்மா சொன்னதெல்லாம் அப்புறம். டயரில் காற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பாறையை விட்டு எழுந்திருக்கவில்லை.

காலி வேன் மலையிறங்கியது. இத்தனை வருஷம் ஊரார் கேலி செய்தபோதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்த மனுஷன், இப்போது தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது மூக்கை உறிஞ்சினார். நான்கைந்து வளைவு தாண்டியிருப்பார். முன் கண்ணாடியில் டொப்பென்று ஒன்று விழுந்தது. காய் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்ததும் விழுந்தது. அப்புறம் எண்ண நேரம் கொடுக்காமல் வானமே அவிழ்த்துக் கொட்டியது.

வைப்பரைப் போட்டார். அது ஒரு தடவை கீச்சென்று பாதி வரை வந்தது. இற்றுப்போன ரப்பர் இரண்டாகப் பிய்ந்து ஒரு பக்கம் தொங்கியது. வெறும் கம்பி கண்ணாடியைக் கீறிவிட்டு நின்றுவிட்டது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். இறங்கியவர் வைப்பரைப் பார்க்கவில்லை. கையை விரித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியது, செருப்புக்குள் தண்ணீர் நிரம்பியது. மழை அவர் மேலேயே, அவர் தலையிலேயே பெய்தது. அவர் அங்கே நின்றபோதே பெய்தது. அதை அவர் நன்றாக உறுதிப்படுத்திக்கொண்டார்.

பிறகு, மழை நிற்பதற்குள் அவர்களைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று வண்டியைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நத்தை மாதிரி ஒரு வளைவு மேலே ஏறினார். அங்கே பொட்டு மழை இல்லை. அதற்கப்புறம் வண்டி பறந்தது.

அருவியில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சொட்டச் சொட்ட வந்து நின்ற டிரைவரைப் பார்த்து, ஓடையில் விழுந்துவிட்டார் என்றே முதலில் நினைத்தார்கள். "மழை கீழ இருக்கு, ஏறுங்க," என்றார் வெயிலண்ணன். அவர் சட்டை நுனியைப் பிழிந்து பார்த்த கணக்கு டீச்சர்தான் முதலில் ஏறினார்.

ஒரு வளைவு. காய்ந்த ரோடு. இன்னொரு வளைவு. காய்ந்த ரோடு. அவர் நனைந்த இடம் வந்தது. ரோடு ஈரமாக இருந்தது, இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழை நின்றுபோய் மேலே பளீரென்று வெயில். பின்னால் கேமராக்காரர் கேமராவை மூடும் சத்தம் கேட்டது. வெயிலண்ணன் பிரேக்கை மிதித்தார். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. இனி ஷெட்டுதான் என்று தீர்ந்துவிட்டது போலிருந்தது. ஷெட் கூட போகட்டும், அவள் பார்க்காமல் போய்விட்டாளே.

"இன்னும் கொஞ்சம் கீழ போங்க," என்றாள் மனைவி.

போனார். பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சர் கடையின் தகரக் கூரையிலிருந்துதான் முதல் சத்தம் வந்தது. அடுத்த நிமிஷம் முன் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் வண்டியைக் கடை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, வைப்பர் போய்விட்டது, மழைக்குள் இதற்கு மேல் ஓட்ட முடியாது, விடும்வரை இங்கேதான் என்று அறிவித்தார். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. புது ஜோடி கதவைத் திறந்துகொண்டு குதித்தது. கணக்கு டீச்சர் குடையை விரித்து, பத்தடி நடந்து, அதை மடக்கிவிட்டார். ஏரியும் இல்லை, அருவியும் இல்லை. பழைய டயர் அடுக்கி வைத்த ஒரு பஞ்சர் கடை. உலகத்தில் எந்தச் சுற்றுலாக்காரரும் வந்து பார்த்திராத இடம். கேமராக்காரர் அந்த டயர்களைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்.

மனைவி ரெயின்கோட் இரண்டையும் சீட்டில் வைத்துவிட்டு வெறுமனே இறங்கினாள். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வேனின் முன்னால் வந்தவள், தொங்கிக்கொண்டிருந்த ரப்பரை விரலால் தொட்டாள். அது தூளாக உதிர்ந்தது.

"எல்லார் வண்டிக்கும் வருஷா வருஷம் மாத்துறீங்க. உங்க வண்டிக்கு ஏன் மாத்தலை?"

அவர் மழையைப் பார்த்தார். "தேவைப்படாதுன்னு நெனச்சேன்."

"ஊர் சொல்லுச்சு, சரி. நீங்களுமா நம்பிட்டீங்க?"

"இத்தனை வருஷமா எல்லாரும் சொன்னா..."

"எல்லாரும் எங்க சொன்னாங்க? நான் ஒரு நாளாவது உங்களை அப்படிக் கூப்பிட்டிருக்கேனா?"

வெயிலண்ணன் யோசித்துப் பார்த்தார். கூப்பிட்டதே இல்லை. அவள் என்னங்க என்று மட்டும் கூப்பிடுவது தினமும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, அவருக்குத்தான் உறைக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. மழையில் அது ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அவர் பையில் போன் அடித்தது. முதலாளியம்மா. என்ன சொல்கிறாள் என்றே காதில் விழவில்லை, தகரக் கூரை அப்படி அதிர்ந்தது. அவர் போனைக் கூரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சற்று நேரம் பிடித்துவிட்டுக் காதில் வைத்தார்.

"கேக்குது தம்பி, கேக்குது," என்று கத்தினாள் முதலாளியம்மா. பிறகு, நிஜமான கவலையோடு, "அப்போ கல்யாண சவாரிக்கு இனிமே நான் யாரை அனுப்புறது?" என்றாள்.

நெடுநேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி எப்போது கிளம்பலாம் என்று கேட்டாள். மழை விடட்டும் என்றார் அவர். டிரைவர் சீட்டுக்கு அடியில், மற்ற வண்டிக்காரர்கள் கேட்டால் கொடுப்பதற்காக அவர் வைத்திருந்த புது ரப்பர் கட்டு பிரிக்காமல் கிடந்தது. ஒன்றை எடுத்து மாட்ட ஐந்து நிமிஷ வேலை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.