ஆறாவது பழக்கத்துக்கான இடம்

1

இந்தக் கதை ஒரு பெரிய துயரத்திலிருந்து பிறந்தது என்று தொடங்கினால் கம்பீரமாக இருக்கும். உண்மையில் இது கல்லூரி கேன்டீனில், ஆறிப்போன டீக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே கிடைத்த நாற்பது நிமிடத்தில் பிறந்தது.

எங்கள் கல்லூரி இதழில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. நான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு: "அயல்நாட்டில் அசையாத மனம்: பத்து எளிய பழக்கங்கள்". எழுதியவர்: "அனுபவசாலி". அனுபவசாலி அதுவரை போன அதிகபட்ச தூரம், பஸ்ஸில் மூன்று மணி நேரம், அதிலும் வாந்தி.

தலைப்பில் பத்து இருந்ததே தவிர மண்டையில் ஐந்துதான் இருந்தது. கடைசியில் "இடமின்மையால் மற்றவை அடுத்த இதழில்" என்று போட்டுவிட்டு, வகுப்புக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

கட்டுரை முழுக்க முழுக்கக் கிண்டல். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் படித்தவன் ஒருவன்தான்: வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன். அவனுக்கு நான் அந்தக் கட்டுரையை அனுப்பவே இல்லை. அதே இதழில் வந்த, வினாடி வினாவில் பரிசு வாங்கிய என் போட்டோவைத்தான் பீற்றிக்கொள்ளப் படம் எடுத்து அனுப்பினேன். எதிர்ப்பக்கத்தில் இருந்த கட்டுரையும் சேர்ந்து விழுந்துவிட்டது.

2

கதையை அவனிடமிருந்து தொடங்கவேண்டும். முயற்சிகள்:

"விமானத்தின் சக்கரங்கள் அந்நிய மண்ணைத் தொட்டபோது அவன் நெஞ்சில்" (வேண்டாம். நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வயிற்றில் பசி இருந்திருக்கும்.)

"அலாரம் அலறியது. அவன்" (அலாரம் அலறாமல் ஒரு வெளிநாட்டுக் கதைகூடத் தொடங்காதா?)

"அவனுடைய வேலை, ஒரு முனையைப் பிடிப்பது." (இருக்கட்டும்.)

அவனுடைய வேலை, ஒரு முனையைப் பிடிப்பது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் பெரிய ஆலை அது. ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் விடவேண்டும். மணிக்கு நூற்றெண்பது. எதிர்முனையில் நிற்கும் மனிதருக்கு இவன் மொழி தெரியாது, இவனுக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் ஒரு வெள்ளைத் துணியை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருவரும் பதினோரு மாதம் பேசாமல் நின்றார்கள்.

நாள் முழுக்க யார் யாருடைய படுக்கைக்கோ சுருக்கம் எடுத்துவிட்டு அறைக்கு வருவான். சுருட்டிக் கிடக்கும் தன் போர்வைமேல் ஷூவோடு விழுவான். நின்றபடியே சாப்பிடுவான். ஏழாம் மாதம், ஊருக்கே திரும்பிவிடுவது என்று பெட்டியைக் கட்டினான். கட்டினானே ஒழியக் கிளம்பவில்லை. அந்தப் பெட்டி நாலு மாதம் கட்டிலடியில் பூட்டியே இருந்தது. தினமும் காலையில் பூட்டைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து, மறுபடி பூட்டிவிட்டு, வேலைக்குப் போனான்.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். அவனே சொன்னான். ஏன் சொன்னான் என்பதற்கு என் கட்டுரைதான் காரணம்.)

3

அனுபவசாலி அருளிய ஐந்து, கிட்டத்தட்ட அச்சில் இருந்தபடி:

எழுந்ததும் படுக்கையை, விருந்தாளி வரப்போவதுபோல மடித்து வையுங்கள். யாரும் வரமாட்டார்கள், அதனால் கலையாது. டீயாக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஷூவை மிதித்துக் கழற்றாமல் நாடாவை அவிழ்த்துக் கழற்றுங்கள். அந்தப் பதினைந்து விநாடியில் உலகம் ஒன்றும் முழுகிவிடாது. தினம் ஒருவரிடம் தேவையே இல்லாத ஒரு வாக்கியம் பேசுங்கள். ஐந்து: வீட்டுக்குப் போன் பேசும்போது ஒரே ஒரு உண்மை சொல்லுங்கள். ஒன்று போதும். அதிகமானால் வீடு தாங்காது.

இதை அவன் செய்திருக்கிறான். ஒன்றுவிடாமல். முதலில் நாடா, பிறகு கட்டில், பிறகு ஒரு ஸ்டூல் வாங்கி, அதில் உட்கார்ந்து சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் திடீரென்று, "டேய், நான் நாலு மாசமா பெட்டி கட்டி வச்சிருந்தேன். நேத்துதான் துணியெல்லாம் அலமாரில எடுத்து வச்சேன். இன்னிக்கு உண்மை இவ்வளவுதான். போனை வச்சிடறேன்" என்றான்.

அடுத்த வாரம் நாலாவது பழக்கம்.

"எதிர்ல நிக்கறவர்கிட்ட, 'இன்னிக்கு மழை வரும் போல'ன்னேன்."

"தமிழ்லயா?"

"பின்ன? எனக்குத் தெரிஞ்சதைத்தானே பேச முடியும்."

"அவர் என்ன பண்ணார்?"

"முறைச்சார். மூணு நாள் முறைச்சார். நாலாம் நாள் அவரும் ஏதோ சொன்னார்டா."

"என்ன சொன்னார்?"

"தெரியல. ஆனா தேவையில்லாததுதான். முகத்தைப் பார்த்தா தெரியுது."

அம்மா போனைப் பிடுங்கிப் பேசிவிட்டு என்னிடம் திரும்பினாள். "குரல் பழையபடி ஆயிடுச்சுடா. என்ன மருந்து சாப்பிடறான்னு கேட்டு வை. உனக்கும் வாங்கலாம்."*

4

(* இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடத்தான் ஆசை. எல்லோரும் நலம், மருந்து நான், சுபம். ஆனால் ஒன்றை மறைத்திருக்கிறேன்.)

அந்தப் பழக்கங்களை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திருடினேன்.

வீட்டில் நானும் அண்ணனும் ஒரே அறை, இரண்டு கட்டில். தினம் காலையில் அவன் விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துவிடுவான். "யார் வரப்போறா, ஜனாதிபதியா?" என்று கேட்பேன். டீயைக்கூட உட்கார்ந்துதான் குடிப்பான். வாசலில் குனிந்து நிதானமாக நாடா அவிழ்ப்பான். பின்னால் நான் மூச்சா முட்டிக்கொண்டு நிற்பேன். பஸ் கண்டக்டரிடம், "இன்னிக்குக் கூட்டம் கம்மி போல" என்பான். கண்டக்டருக்குத் தெரியாதா?

சித்தி பிள்ளைகள் முன்னால் இதையெல்லாம் நான் நடித்துக் காட்டுவேன். நல்ல வரவேற்பு. அவன் கிளம்பிப் போனபின், பார்த்து நடிக்க ஆள் எதிரில் இல்லை. கட்டுரையாக எழுதிவிட்டேன்.

ஆக, அங்கே அவன் தொலைத்தது எதுவோ, அதைத்தான் கேலிப்படமாக வரைந்து இங்கிருந்து அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் கேட்டான்: "இதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்குடா. எங்கேன்னுதான் பிடிபடல."

நான், "எல்லா புஸ்தகத்துலயும் இருக்கறதுதாண்ணா" என்றேன்.

ஐந்தாவது மட்டும் என் சொந்தச் சரக்கு. அதை நான் ஒருநாளும் செய்ததில்லை.

5

போன ஞாயிறு சொன்னான்: "சூப்பர்வைசர் தாள் கொடுத்துட்டார். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியா, கிளம்பறியா? நாளைக்கு இல்ல, அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லணும். நீ ஒரு வேலை பண்ணு. அந்த அனுபவசாலி உங்க காலேஜ்லதானே இருக்கார்? ஆறாவது என்னன்னு கேட்டு வை."

"ஆறாவது எதுக்குண்ணா?"

"அஞ்சை வச்சுக்கிட்டு இந்த ரெண்டு மாசம் நின்னுட்டேன். ரெண்டு வருஷத்துக்கு அது போதுமான்னு தெரியலடா. அவர் என்ன சொல்றார்னு பார்த்துட்டுத் தாளை எடுக்கறேன். பெரியவரா?"

"ஓரளவு."

"மரியாதையா கேளு."

ஒரு வாரமாக அனுபவசாலிக்குத் தூக்கம் இல்லை. வகுப்பில்கூட இல்லை. இதழின் ஆசிரியை (வேதியியல் மூன்றாம் ஆண்டு, சிரித்ததாகத் தகவல் இல்லை) மட்டும் கலங்கவில்லை.

"ஆறாவது எழுதிக் கொடுத்துட்டுப் போயேன்."

"என்னன்னு எழுத?"

"தண்ணி குடிக்கச் சொல்லு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"விளையாடாத. வாழ்க்கைப் பிரச்சினை."

"அப்போ உண்மையைச் சொல்லு."

"கதையா எழுதித் தரட்டுமா?"

"தா. பக்கம் காலியா இருக்கு. ஆனா இதழ் வர பத்து நாள் ஆகும், அவர் திங்கட்கிழமை பதில் சொல்லணும். கணக்கு இடிக்குதே?" அப்போது அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஆகவே முடிவுகள்.

முடிவு அ: எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். போனை வைக்கிறான். மறுநாள் காலை எழுந்து கட்டிலைப் பார்க்கிறான், (அதற்குப் பிறகு அவன் விரிப்பைத் தொடுகிறானா இல்லையா என்பதை என்னால் எழுத முடியவில்லை. எட்டுத் தடவை உட்கார்ந்தாயிற்று.)

முடிவு ஆ: "தண்ணீர் குடிக்கச் சொன்னார்ணா." கையெழுத்துப் போடுகிறான். இரண்டு வருஷம் கிண்டலின்மேல் நிற்கிறான். நிறையத் தண்ணீர் குடிக்கிறான்.

முடிவு இ: "அண்ணா, நீ வந்து" (அடித்துவிட்டேன்.)

முடிவு இ, மறுபடியும்: "நீ அங்க நல்லாத்தான் இருக்க. நான்தான் இங்க" (இதையும்.)

6

ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. அவன் சரியாகப் பதினொன்றுக்குக் கூப்பிடுவான்.

காலையில் ஒரு காரியம் செய்தேன். பதிமூன்று மாதமாக அவன் கட்டில் என் துணிமூட்டைக்குத்தான் பயன்பட்டது. எல்லாவற்றையும் எடுத்தேன். விரிப்பை உதறினேன். தனியாளாக உதறுவது கஷ்டம். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் வந்துவிடுகிறது. அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா வரப்போறா?" என்றாள். நாலு மூலையையும் இழுத்துவிட்டேன். அவனைப்போல வரவில்லை.

ஐந்தாவது பழக்கம் நான் போட்ட விதி: போனில் ஒரு உண்மை, ஒன்றே ஒன்று. என்னிடம் இரண்டு இருக்கின்றன. அனுபவசாலி நான்தான், அந்தப் பழக்கமெல்லாம் உன்னுடையது, அதை வைத்து நான் சிரித்தேன் என்பது ஒன்று. உன் கட்டில் தயாராக இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னால் அவன் யார் துணையும் இல்லாமல் அங்கேயே நின்றுவிடலாம். இரண்டாவதைச் சொன்னால் பெட்டி கட்டிவிடலாம். மாறியும் நடக்கலாம். நான் எழுதிய ஆள்தான், ஆனால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

எது என்று நீங்கள் சொல்லுங்கள். நிதானமாக யோசித்து, ஆனால் சீக்கிரம்.

அடிக்கிறது.

"எடுடா போனை!" அம்மா.

இரண்டாவது மணி. மூன்றாவது. இந்தப் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை இடம் இருக்கிறது.

"அண்ணா... ம்... சாப்பிட்டியா? உட்கார்ந்துதானே?... ம். கேட்டேன். கேட்டுட்டேன். ஆறாவது வந்து